பத்தியச் சாப்பாட்டுக்குச் சொல் தேடிய கதை

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

உங்கள் மேலாளர் போன வாரம் என்னை அழைத்தார். "மேடம், புதுப் பிள்ளைங்களுக்கு உங்க அனுபவத்தை எழுதிக் கொடுங்க. கொஞ்சம் உற்சாகமா இருக்கணும்" என்றார். ஓய்வு பெற்றவர்களுக்கு உற்சாகம் ஊறிப் பெருகும் என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. எனக்கு ஊறுவதெல்லாம் எரிச்சல்தான். அதையே எழுதுகிறேன். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், நம் தொழில் என்னவென்று உங்கள் வீட்டில் கேட்டால் என்ன சொல்கிறீர்கள்? நான் என் அப்பாவிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவர் தோட்டத்துக் கிராணி. ஆள் கணக்கு எழுதி ஓய்ந்த மனிதர். "நாங்கள் சொற்களை வாங்குகிறோம் அப்பா. யாராவது கைப்பேசியில் அந்தச் சொல்லைத் தட்டித் தேடினால், எங்கள் வாடிக்கையாளரின் விளம்பரம் மேலே வந்து நிற்கும். பார்த்தவர் அதை அமுக்கினால் வாடிக்கையாளருக்குக் காசு போகும்" என்றேன்.

"அமத்தினா வரவோ, செலவோ?" என்று கேட்டார், மாறாத யாழ்ப்பாணத் தமிழில்.

"செலவு."

"பிறகேன் அமத்தச் சொல்லுறாய்?" என்றவர், என் பதிலுக்குக் காத்திராமல் நாளிதழைப் பிரித்துக்கொண்டார். இந்தக் கேள்விக்கு நான் வேலையில் இருந்த காலம் முழுக்கப் பதில் தேடினேன். உங்களுக்குக் கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.

எந்தச் சொல்லை வாங்குவது என்பதற்கு இப்போது உங்களுக்கு மென்பொருள் இருக்கிறது, வண்ண வண்ணமாக வரைபடம் இருக்கிறது, பயிற்சிக்கு ஆளுக்கொரு கோப்பை காப்பியும் கொடுக்கிறார்களாம். அதையெல்லாம் நான் தொடப்போவதில்லை. கோகிலாவின் கதையை மட்டும் சொல்கிறேன். அவளை விட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அவளை விடப் பிடிவாதமான வாடிக்கையாளரையும் நான் பார்த்ததில்லை.

கோகிலா ரவாங் பட்டணத்தில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் லைன் லீடர். அவளுக்குக் கீழே ஒரு வரிசை முழுக்க ஆட்கள். அங்கே இயந்திரங்களின் இரைச்சலில் கத்திப் பேசிப் பழகியவள், நம் அலுவலகத்துக்கு வந்தும் அப்படியே பேசினாள். புக்கிட் ரோத்தானில் ஒரு கடை வீட்டின் பின்பக்கத்தை வாடகைக்கு எடுத்து, பிள்ளை பெற்ற பெண்களுக்குப் பத்தியச் சாப்பாடு சமைத்து வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன் என்றாள். பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு, கம்பத்து நாட்டுக்கோழிச் சாறு, மருந்து ரசம் எல்லாம் உண்டு. பக்குவம் மாமியார் பாக்கியத்தம்மாளுடையது, ஓட்டம் கோகிலாவுடையது. கடைக்குப் பெயர் ‘தாய்மடி’.

"சம்பளமில்லா லீவு போட்டு வந்திருக்கேன்க்கா. மாசக் கடைசிக்குள்ள திரும்பி வந்து கையெழுத்துப் போடணும். இல்லாட்டி என் எடத்துக்கு வேற ஆளப் போட்டுருவாங்க. அதுக்குள்ள இந்தக் கடை ஓடுமா ஓடாதான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றாள்.

ஆக, என் கையில் இருந்தது ஒரு பெண்ணின் நிரந்தர வேலை. அதைத் தூக்கி எறியலாமா கூடாதா என்று சில சொற்களை வைத்து நான் சொல்ல வேண்டும். முகத்தை நிபுணர் மாதிரி வைத்துக்கொண்டேன். அது நம் தொழிலில் முதலில் வரும் திறமை, கடைசியில் போகும் திறமையும் அதுதான்.

"எந்தச் சொல்லெல்லாம் வேணும்னு நீ நினைக்கிற?" என்று கேட்டேன்.

அவள் தயாராக வந்திருந்தாள். ‘தாய்மடி’. ‘தாய்மை’. ‘அன்பின் சுவை’. ‘அம்மாவின் கைமணம்’. சொல்லிவிட்டு, நான் கைதட்டுவேன் என்று எதிர்பார்த்த மாதிரி பார்த்தாள். பசியோடு இருக்கும் எவனும் கைப்பேசியை எடுத்து ‘அன்பின் சுவை’ என்று தட்டுவதில்லை. தட்டுகிறவன் சாப்பிட்டுவிட்டு ஓய்வாக இருக்கிறான். கவிதை எழுதப் போகிறான். இதை இவ்வளவு அழகாக அவளிடம் சொல்லவில்லை. "இன்னும் கொஞ்சம் சேர்த்துக்குவோம்" என்றேன்.

அப்போது நம் அலுவலகத்தில் ஒரு துடிப்பான தம்பி இருந்தான். எல்லா அலுவலகத்திலும் ஒருவன் இருப்பான். உங்களில் அது யார் என்று உங்களுக்கே தெரியும். அவன் மென்பொருளைக் கேட்டு, கர்ப்பம் சம்பந்தப்பட்ட சொற்களாகக் கொண்டுவந்து குவித்தான். கர்ப்பிணிக்கு என்ன உணவு, எந்த மாதம் என்ன பழம், வாந்தி நிற்க என்ன வழி. "இதைத்தான் மேடம் நெறைய பேர் தேடுறாங்க" என்றான். விளம்பரத்துக்குத் தலைப்பும் எழுதிக் கொடுத்தான்: ‘வாழ்த்துகள்! குட்டிச் செல்லம் வந்தாச்சா?’ கோகிலாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கும் அதில் குறை சொல்ல ஒன்றும் தெரியவில்லை.

கோகிலாவோடு வந்திருந்த பாக்கியத்தம்மாள் அன்று பேசியது ஒரே ஒரு விஷயம்தான். விளம்பரம் எந்தெந்தச் சொல்லுக்கு வரக்கூடாது என்றும் நாம் குறித்து வைக்கலாம் அல்லவா? அதை நான் விளக்கியதும் அந்த அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, அப்ப அந்த மாதிரி வார்த்தை எதுவும் நம்ம கடப் பக்கம் வரக்கூடாது. கலைஞ்சிடுச்சு, தங்கல, அது இதுன்னு. நல்ல காரியத்துக்கு அடுப்பு மூட்டுறோம்."

அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நம் தொழில் வழக்கமும் அதுதான். துக்கச் சொற்களை மலாயில், ஆங்கிலத்தில், தமிழில் எல்லாம் தேடிப் பிடித்து விலக்கி வைத்தோம். சுத்தமான வேலை. வாசலில் மாவிலை கட்டிய மாதிரி எல்லோருக்கும் ஒரு நிம்மதி.

விளம்பரம் ஓடத் தொடங்கியது. முதல் வாரமே துடிப்பான தம்பி குதித்துக்கொண்டு வந்தான். "மேடம், ஒரு கீவேர்ட் பிச்சுக்கிட்டுப் போகுது!"

பார்த்தேன். பிய்த்துக்கொண்டு போனது ‘தாய்மடி’ என்ற கடைப் பெயர். பெயரைத் தட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் விளம்பரத்தை அமுக்கியிருந்தார்கள். பயிற்சி வகுப்பில் இப்படி ஒரு சொல்லைக் காட்டினால் ஆசிரியர் கண்ணில் ஒற்றிக்கொள்வார். நானோ யோசித்தேன். பெயர்ப்பலகைகூட மாட்டாத கடை. நேற்று வைத்த பெயர். அதை இத்தனை பேர் எப்படித் தேடுகிறார்கள்? அமுக்கினவர்களில் ஒருவர்கூட ஏன் போன் செய்யவில்லை? அதைவிட விசித்திரம், விளம்பரத்துக்கு ஒதுக்கிய தினசரிப் பணம் காலைப் பசியாறும் நேரத்துக்குள் தீர்ந்து போனது. அதன்பின் நாள் முழுக்க விளம்பரமே இல்லை.

கோகிலாவைக் கூப்பிட்டேன். "கடைப் பேரை யார்கிட்டயாவது சொன்னியா?"

"சொன்னேன்லா! ஃபேமிலி குரூப்ல வாய்ஸ் போட்டேன். எல்லாரும் காலையில எந்திரிச்சதும் நம்ம பேரத் தேடி, வர்ற விளம்பரத்த ஒரு தடவ அமுக்குங்க, அது நம்ம கடைக்கு ஆதரவுன்னு சொல்லியிருக்கேன். சித்தப்பா வீட்டுல அஞ்சு போன்லயும் அமுக்குறாங்களாம்."

கல்யாணத்துக்கு மொய் வைக்கிற மாதிரி குடும்பமே வைத்திருக்கிறது, ஆனால் கோகிலாவின் பையிலிருந்து எடுத்து. செகிஞ்சானில் நெல் லோரி ஓட்டும் ஒரு மாமா ஆலை வாசலில் வரிசையில் நிற்கும்போதெல்லாம் பாசமாக அமுக்கிக்கொண்டிருந்தார். ஒரு அமுக்குக்குக் காசு போகிறது என்று நான் சொன்னதும் கோகிலா முதன்முதலாகக் குரலை இறக்கிப் பேசினாள்.

"இப்ப எப்படிக்கா அமுக்காதீங்கன்னு சொல்றது? கோவிச்சுக்குவாங்க."

அது பெரிய ராஜதந்திர வேலையாகிப் போனது. கடைசியில், ‘ஆதரவு போதும், நிறைந்துவிட்டது, நன்றி’ என்று ஒரு செய்தி அனுப்பினாள். மாமா மட்டும் மனம் கேட்காமல் மேலும் சில நாள் அமுக்கினார். கடைப் பெயரைச் சொல் வரிசையிலிருந்து எடுத்துவிட்டேன். தம்பியின் வரைபடம் தலைகுப்புற விழுந்தது. அவன் முகமும் விழுந்தது. நீங்களும் ஒருநாள் உங்கள் வரைபடத்தில் உச்சியில் நிற்கும் சொல்லைப் பார்ப்பீர்கள். ஆனந்தக் கூத்தாடுவதற்கு முன், அதை யார் தட்டுகிறார்கள் என்று வாடிக்கையாளரை ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பதற்கு எந்த மென்பொருளும் வேண்டாம்.

அடுத்தது கர்ப்பச் சொற்கள். இவற்றைத் தட்டியவர்கள் உண்மையான மனிதர்கள். போனும் செய்தார்கள். கோகிலா எடுத்து, சாப்பாட்டு வகைகளைப் பாட்டாகப் பாடுவாள். மறுமுனையில் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "நல்லா இருக்கு. மொதல்ல நல்லபடியா பொறக்கட்டும், அப்புறம் பாப்போம்."

நம் ஆட்களைப் பற்றித் தம்பிக்கு மென்பொருள் சொல்லித் தரவில்லை. கல்யாண மண்டபத்தை மாப்பிள்ளை கிடைப்பதற்கு முன்பே முன்பதிவு செய்யத் துணிகிற சனம், பிள்ளை பிறப்பதற்கு முன் ஒரு துணிகூட வாங்காது. தொட்டில் கிடையாது, சட்டை கிடையாது. இதில் பத்தியச் சாப்பாட்டை முன்கூட்டியே சொல்லி வைப்பதாவது! கோகிலாவுக்கும் இது தெரியும். "என் வயித்துல பிள்ள இருந்தப்ப அத்தை ஒரு கைக்குட்டகூட வாங்க விடலக்கா" என்றாள். தெரிந்ததை வியாபாரத்தில் வைத்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை. புத்தியை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு அலுவலகம் வருவது அவளுடைய தனிப்பட்ட பழக்கம் என்று நினைக்காதீர்கள். உலகம் முழுக்க அப்படித்தான் நடக்கிறது.

சரி, பிறந்த பிறகு யார் தேடுவார்கள்? பெற்றவள் தேடமாட்டாள், அவளுக்குக் கண்ணே திறக்காது. அம்மா பக்கத்தில் இருந்தால் தேடல் எதற்கு, அம்மாவே சமைத்துவிடுவாள். அம்மா இல்லாத வீட்டில், மருத்துவமனை வராந்தாவில் நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் கைப்பேசியைப் பார்க்கிறவன் புருஷன். அவனுக்குப் ‘பத்தியம்’ என்ற சொல் நினைவுக்கு வருமா? ரவாங்கிலோ சுங்கை பூலோவிலோ வேலை பார்க்கும் இந்தக் காலத்துப் பையன் என்ன தட்டுவான்? நான் நம் அலுவலகத்தில் பிள்ளை பெற்ற வீட்டு ஆண்கள் எல்லோரையும் நிறுத்திக் கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார்கள். ‘வைஃப் பெர்சாலின் மாக்கான் அப்பா’ என்று ஒருவன். மனைவிக்குப் பிரசவம், என்ன சாப்பிடுவது என்பதைத்தான் பாதி ஆங்கிலத்திலும் பாதி மலாயிலும் தட்டியிருக்கிறான். ‘பேபி பொறந்தா இந்தியன் ஃபூட்’ என்று இன்னொருவன்.

இந்தச் சொற்களைக் காட்டியதும் கோகிலாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "தாய்மடின்னு பேரு வெச்சுட்டு, இதப் போயி வாங்கணுமா? இது என்னக்கா பாஷ?"

"இது காசு கொடுக்கிறவன் பாஷை" என்றேன்.

வாங்கினோம். அழகான சொற்களை எல்லாம் கீழே இறக்கிவிட்டு, இந்த அரைகுறைகளை வரிசையில் ஏற்றினோம். போன் அடித்தது. ஈஜோக்கிலிருந்து ஒரு வீடு, ரவாங்கிலிருந்து ஒரு வீடு. "ஒரு நாள் சாப்பிட்டுப் பாக்கறோம்" என்றார்கள், பாராட்டினார்கள், பிறகு யாராவது ஓர் அத்தை ஊரிலிருந்து வந்து இறங்கிவிடுவாள். பத்தியம் முழுக்க உங்களிடமே எடுக்கிறோம் என்று யாரும் சொல்லவில்லை. மாதமோ முடியப் போகிறது. கோகிலா கத்திப் பேசுவது குறைந்துகொண்டே வந்தது. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

தொழிற்சாலைக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டிய நாளுக்கு முதல் நாள், நான் புக்கிட் ரோத்தானுக்கு அவள் சமையலறைக்கே போயிருந்தேன். ‘கடை ஓடாது போலிருக்கிறது, வேலைக்குத் திரும்பிப் போ’ என்று நேரில் சொல்வதுதான் நாகரிகம் என்று நினைத்தேன். எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது அவளுடைய போன் அடித்தது. இரண்டு கையிலும் பூண்டுத் தோல். விரல் நுனியால் ஸ்பீக்கரில் போட்டாள். அவள் எப்போதும் தொடங்குகிற மாதிரியே தொடங்கினாள்.

"வணக்கம், தாய்மடி! வாழ்த்துகள் தம்பி! பையனா, பொண்ணா?"



"பையன்க்கா" என்றது ஒரு குரல். பிறகு, "தங்கலக்கா. நேத்துத்தான் எல்லாம் முடிஞ்சுச்சு."

கோகிலா பூண்டைக் கீழே போட்டாள்.

"டாக்டர் நல்லா சாப்பிடக் கொடுக்கச் சொல்றாங்க. எங்க ரெண்டு பேருக்கும் அம்மா இல்ல. என்ன கொடுக்கணும்னு எனக்குத் தெரியல. தேடினப்ப உங்களோடது வந்துச்சு" என்று அவன் தடுமாறித் தடுமாறிப் பேசினான். "ஆனா அதுல வாழ்த்துகள்னு போட்டிருக்கு. அதான், எங்கள மாதிரி ஆளுங்களுக்கும் கொடுப்பீங்களான்னு கேக்கலாம்னு..."

நான் இத்தனை வருடத்தில் எத்தனையோ வாடிக்கையாளர்களின் திட்டைக் கேட்டிருக்கிறேன். எந்தத் திட்டும் இந்தக் கேள்வி மாதிரி என்னை அடித்ததில்லை. கோகிலா நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அந்த மாதிரி வார்த்தை கடைப் பக்கம் வரக்கூடாது என்று சொன்னவர் அவர். முதல் முழு ஆர்டர் இப்படியா வர வேண்டும் என்று எழுந்து போய்விடுவார் என்றே பயந்தேன்.

பாக்கியத்தம்மாள் அடுப்பைப் பார்த்தபடி சொன்னார்: "அவளும் பெத்தவதானடி. வாயப் பாத்துக்கிட்டு நிக்காம வீடு எங்கன்னு கேளு."

வீடு பத்தாங் காலியில். பையன் பெயர் சுரேஷ், மனைவி தேவி. முழுப் பத்தியத்துக்கும் சாப்பாடு வேண்டும்.

நான் வெளியே வந்து நின்று, அன்று வந்த தேடல்களைக் கைப்பேசியில் பார்த்தேன். நாம் விலக்கி வைத்திருந்த துக்கச் சொல் ஒன்றையும் அவன் தட்டியிருக்கவில்லை. தட்ட அவனுக்கு மனம் வந்திருக்காது. மற்ற எல்லா அப்பன்களும் தட்டிய அதே அரைகுறைச் சொற்கள்தான் அங்கே இருந்தன. சிரித்துக்கொண்டே தட்டியவன் யார், அழுதுகொண்டே தட்டியவன் யார் என்று பிரித்துப் பார்க்க அங்கே ஒரு வழியும் இல்லை. நம் மாவிலைத் தோரணத்தை அவன் கவனிக்காமலே குனிந்து உள்ளே வந்திருக்கிறான், உள்ளே வந்தவனை நாம் கைகொட்டி வாழ்த்தியிருக்கிறோம்.

அலுவலகத்துக்கு அழைத்து, அந்தத் தலைப்பை உடனே இறக்கச் சொன்னேன்.

"மேடம், கிளிக் நல்லா வர்றதே அந்த ‘வாழ்த்துகள்’னாலதான்" என்றான் தம்பி.

"தெரியும். இறக்கு."

"வேற என்ன போடறது? டெஸ்ட் பண்ணாம..."

"இறக்குன்னு சொன்னேன்லா" என்று கத்தினேன். கோகிலாவின் குரல் எனக்கு வந்திருந்தது. யோசித்து முடிவெடுக்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். சரிதான். அன்று எனக்கு யோசிக்க எதுவும் இருக்கவில்லை.

மறுநாள் கோகிலாவோடு நானும் காரில் போனேன். கையெழுத்துப் போட வேண்டிய நாள் அது. தொழிற்சாலை போகும் வழியில்தான். ரவாங்கைத் தாண்டித்தான் பத்தாங் காலி. மதியச் சாப்பாட்டுக்கு முன் வந்துவிட வேண்டும் என்று மனிதவள அதிகாரி இரண்டு முறை செய்தி அனுப்பியிருந்தார். ரவாங்கில் தொழிற்சாலை வாசலுக்கு வந்தபோது, "நிறுத்திக் கையெழுத்துப் போட்டுட்டு வந்துடு. அஞ்சு நிமிஷ வேலை" என்றேன்.

"அவர் அஞ்சு நிமிஷத்துல விடமாட்டாருக்கா. சாறு ஆறிடும். திரும்பி வரப்ப பாத்துக்கலாம்" என்று ஓட்டிக்கொண்டு போனாள்.

அது ஒரு சின்ன வரிசை வீடு. சுரேஷ் கதவைத் திறந்தான்; துவைக்காத சட்டை, தூங்காத கண். உள்ளே போனேன். ஒரு தொட்டில் இல்லை, ஒரு சின்னச் சட்டை இல்லை, ஒரு கிலுகிலுப்பை இல்லை. எல்லோரையும் போல அவர்களும் பிள்ளை பிறக்கட்டும் என்று எதையும் வாங்காமல் இருந்திருக்கிறார்கள். இப்போது எடுத்து ஒளித்து வைக்கவும், கட்டிப் பிடித்து அழவும் அந்த வீட்டில் ஒன்றும் இல்லை. மேலே இந்த வழக்கத்தைக் கிண்டல் செய்து எழுதியிருக்கிறேன். அந்தக் கூடத்தில் நின்றபோது எனக்குக் கிண்டல் வரவில்லை.

தேவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். சுரேஷ் கூப்பிட்டும் திரும்பவில்லை. ஆறுதல் சொல்ல நான் வாயைத் திறந்தேன். கோகிலா என்னைக் கையால் ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். சோற்றில் மருந்து ரசத்தை ஊற்றிப் பிசைந்தாள். ஆறுதல் சொல்லும் வழக்கமெல்லாம் அவளுக்குக் கிடையாது. லைன் லீடர்.

"எந்திரிம்மா. இது சூடா உள்ள போகணும். ஆறிப்போனா நல்லாருக்காது."

தேவி அசையவில்லை.

"நான் பூண்டு உரிச்சது, எங்க அத்தை அரைச்சது. ரொம்ப தூரத்துலேருந்து வந்திருக்கேன். சாப்பிடாம நான் போகமாட்டேன், சொல்லிட்டேன்."

வெகுநேரம் கழித்து அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்தாள். பாவம், சின்னப் பெண். கோகிலா உருட்டிக் கொடுத்ததைக் கையில் வாங்கி, வாயில் வைக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருமே வரலக்கா" என்றாள். "புள்ள பொறந்திருந்தா பாக்க வருவாங்க. பெரியவங்க யாராவது செத்திருந்தா கேக்க வருவாங்க. எங்க வீட்டுக்கு எதுக்கு வர்றதுன்னு யாருக்கும் தெரியல போல."

"நான் சோறு போட வந்தேன். நீ சாப்பிடு."

முதல் கவளத்தை அவள் வாயில் வைத்தபோது கோகிலாவின் போன் அடித்தது. தரையில் திரை மேலே தெரியக் கிடந்தது. மனிதவள அதிகாரியின் பெயர் எனக்கே தெரிந்தது. நேரம் ஆகிவிட்டது, இப்போது எடுத்து, ‘இதோ வந்துகொண்டிருக்கிறேன்’ என்று சொன்னால் காத்திருப்பார். எடு என்று நான் கண்ணைக் காட்டினேன். தேவி மெல்லுவதை நிறுத்திவிட்டு, "யாருக்கா? நீங்க போகணுமா?" என்று கேட்டாள்.

கோகிலா இடது கையால் போனைக் குப்புறக் கவிழ்த்தாள். "வேல எடம். நீ மென்னு முழுங்கு."

அது அடித்து அடித்து நின்றது. பிறகு மறுபடி அடித்தது. கோகிலா அடுத்த உருண்டையை உருட்டிக்கொண்டிருந்தாள். தட்டு காலியாகும்வரை நாங்கள் அங்கேயே இருந்தோம். புறப்படும்போது தேவி, "நாளைக்கும் நீங்களேதான் வருவீங்களா? வேற யாரையாச்சும் அனுப்புவீங்களா?" என்று கேட்டாள்.

"நான்தான் வருவேன்" என்றாள் கோகிலா.

காரில் ஏறியதும் அதிகாரியைத் தானே அழைத்தாள். இன்று வரவில்லை, இனியும் வரமாட்டேன் என்று மலாயில், ‘என்சே’ என்று ஐயா போட்டுப் பணிவாகச் சொன்னாள். வேறு நல்ல வேலை கிடைத்துவிட்டதா என்று அவர் கேட்டார். "நாளைக்குப் பத்தாங் காலிக்குச் சாப்பாடு கொண்டு போகணும் என்சே" என்றாள். அவருக்கு என்ன புரிந்ததோ, வைத்துவிட்டார். ஒரு வீட்டை நம்பி நிரந்தர வேலையை விடாதே என்று நான் அவளைத் தடுத்திருக்க வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். ரவாங் வந்தது, போனது.

விளம்பரத்துக்குப் புதுத் தலைப்பை அவளே சொன்னாள்: ‘பிரசவம் முடிந்ததா? சாப்பாடு நாங்கள் கொண்டுவருகிறோம்.’ வாழ்த்து இல்லை, செல்லம் இல்லை, ஆச்சரியக்குறி இல்லை. பாக்கியத்தம்மாளே சொல்லி, துக்கச் சொற்களுக்குப் போட்டிருந்த விலக்கையும் எடுத்துவிட்டோம். கிளிக் குறைந்தது, தம்பி எனக்கு வரைபடம் அனுப்பிக்கொண்டே இருந்தான். மிச்சம் வந்தவர்கள் போன் செய்தார்கள். போன் செய்தவர்களில் பலர் பத்தியம் முடியும்வரை நிறுத்தவில்லை. புக்கிட் ரோத்தானில் அடுப்பு இன்றைக்கும் எரிகிறது.

உங்கள் பயிற்சி வகுப்பில் அந்தத் தலைப்பை ‘உணர்ச்சியைத் தூண்டாத பலவீனமான தலைப்பு’ என்று திரையில் காட்டுகிறார்களாம். கேள்விப்பட்டேன். தாராளமாகத் திருத்தி எழுதிப் பழகுங்கள். யாராவது ரொம்ப ஆர்வமாகி, மாற்றிப் போடச் சொல்லி அவளையே அழைக்க நினைத்தால் மட்டும் ஒன்று: மதிய நேரத்தில் அழைக்காதீர்கள். எங்காவது ஒரு வீட்டில் தரையில் உட்கார்ந்து யாருக்காவது சோறு பிசைந்துகொண்டிருப்பாள். எடுக்கமாட்டாள்.